எதிரணிக்குப் பேசியவன்

உக்காருங்க சார், பையை இங்க குடுங்க, நான் மடியில வச்சுக்கிறேன். அருப்புக்கோட்டை தாண்டுற வரைக்கும் கூட்டம் இப்படித்தான் இருக்கும். ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. எனக்குக் காத்து ஆகாது, தொண்டையை வச்சுப் பொழைக்கிறவன்.

ஆமா சார், டிவியில பாத்த முகம்தான். பட்டிமன்றத்துல பேசுறவன்தான். என்ன கேட்டீங்க? பவளக்கொடி அம்மா டீமா?

கோவமெல்லாம் இல்ல சார். காலையில இருந்து நீங்க மூணாவது ஆள், அவ்வளவுதான். மாட்டுத்தாவணியில டீக்கடைக்காரர் கேட்டார், டிக்கெட் குடுக்கும்போது கண்டக்டர் கேட்டார், இப்ப நீங்க. ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சொல்லிக்கிறேன். நான் அந்தம்மா டீம் இல்ல. அந்தம்மாதான் எங்க டீம். டீமும் என்னுது இல்ல, புலவர் தணிகாசலம் ஐயாவோடது. நடுவர் நாற்காலியில உக்காந்து, கதர்த் துண்டை மடியில மடிச்சு வச்சுக்கிட்டுத் தீர்ப்பு சொல்வாரே, அவர். அவர்கிட்ட நான் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். அந்தம்மா வந்து மூணு வருஷம். இருபத்திரண்டு எங்க, மூணு எங்க?

என் பேர் ஞாபகம் வருதா? பரவாயில்ல விடுங்க. நகைச்சுவை நாவரசு பரமானந்தம். விருதுநகர்ல ஒரு நகைக்கடைத் திறப்பு விழாவுல குடுத்த பட்டம்.

ஆங், அதேதான். சாம்பார் ஜோக் சொல்றவன். எங்க வீட்டம்மா வச்ச சாம்பார்ல ஒரு ஈ விழுந்துச்சு. பதறிப்போய் கரண்டியால எடுக்கப் போனேன். அது தானாவே நீந்திக் கரையேறி, இறக்கையை உதறிட்டு, 'உப்பு பத்தலை'ன்னு சொல்லிட்டுப் பறந்து போச்சு. பாருங்க, ஓடுற பஸ்லயே சிரிக்கிறீங்க. மைக் இல்ல, மேடை இல்ல. இருபத்திரண்டு வருஷமா அந்த ஈதான் எனக்குச் சோறு போடுது.

இதுல நிலைச்சு நிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல சார். நல்லாப் பேசுறவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான். ஒரு வருஷம் பேசுவான், ரெண்டு வருஷம் பேசுவான், அப்புறம் ஆள் எங்கேன்னு தேடணும். நான் கூட்டுறவு பண்டகசாலையில பில் போட்டுக்கிட்டு இருந்த வேலைக்கு விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டு இதுல இறங்கினவன். என்கிட்ட நாலு நோட்டு இருக்கு. எந்த ஊர், எந்தத் தேதி, எந்த ஜோக், எவ்வளவு சிரிச்சாங்க, எல்லாம் எழுதியிருப்பேன். ஒரு ஊர்ல சொன்ன ஜோக்கை மூணு வருஷத்துக்கு அந்த ஊர்ல திரும்பச் சொல்லமாட்டேன். சாம்பார் மட்டும் விதிவிலக்கு, அதை ஜனங்களே கேட்டு வாங்குவாங்க. மேடை ஏறும் முன்னாடி பனங்கற்கண்டு போட்ட வெந்நீர். தயிர் பக்கமே போகமாட்டேன். பேச ஆரம்பிச்ச ரெண்டு நிமிஷத்துக்குள்ள அந்த ஊர் சாமி பேர் ஒண்ணு, அந்த ஊர்ப் பலகாரம் ஒண்ணு சொல்லிரணும். இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கல, அடிபட்டுக் கத்துக்கிட்டது.

அந்தம்மா என்ன பண்ணும் தெரியுமா? மேடைக்குப் பின்னாடி உக்காந்து தயிர்ச்சோறும் மோர்மிளகாயும் சாப்பிட்டு, கையைக் கழுவிட்டு நேரா மைக்குக்கு வந்துரும். நோட்டு கிடையாது, துண்டுச்சீட்டு கிடையாது, மேற்கோள் ஒண்ணு கிடையாது. தொண்டை மட்டும் கணீர்னு இருக்கும். இதுக்கெல்லாம் எங்க போய் நியாயம் கேக்கிறது?

கூட்டிட்டு வந்ததே நான்தான் சார், அதைச் சொல்லுங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி முதுகுளத்தூர்ல மகளிர் தின விழா. நான் சிறப்பு விருந்தினர். பவளக்கொடி சாயல்குடிப் பக்கம் தபால் குடுக்கிற வேலை, என் வயசு இருக்கும், ரெண்டு வயசு குறைவா இருக்கலாம், வீட்டுக்காரர் தவறிட்டார். அன்னைக்கு அதுக்கு நன்றியுரை. நன்றியுரைன்னா என்ன சார்? ஜனம் எந்திரிச்சு செருப்பைத் தேடுற நேரம். மைக் செட்டுக்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பிச்சிருப்பார். அந்தம்மா நாலு நிமிஷம் பேசுச்சு. எந்திரிச்ச ஜனம் திரும்ப உக்காந்துச்சு. நான் ஒரு மணி நேரம் பேசி வாங்காத அமைதியை அது நாலு நிமிஷத்துல வாங்கிருச்சு. சரி, நல்லாத்தான் பேசுதுன்னு நினைச்சேன். அடுத்த மாசம் எங்க டீம்ல பேசுற பேராசிரியைக்கு மஞ்சக்காமாலை. ஐயாகிட்ட நான்தான் சொன்னேன், 'சாயல்குடியில ஒரு தபால்கார அம்மா இருக்கு, முதல் ஆளாப் பேச ஆகும்'னு. முதல் ஆள்னா நாற்காலி நிறையாத நேரத்துல பேசுறது, யாருக்கும் காதுல விழாது. அந்த இடத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்.

ஆறே மாசம். கடைசி ஆளாப் பேச வச்சுட்டார் ஐயா, எதிரணித் தலைவரா, எனக்கு எதிர்ல. போஸ்டர்ல என் பேருக்கு முன்னாடி நகைச்சுவை நாவரசுன்னு போட்டு, இடம் பத்தாம என் பேரைச் சின்னதாக்கிருவாங்க. அதுக்குப் பட்டம் ஒண்ணும் கிடையாதா, 'சாயல்குடி பவளக்கொடி'ன்னு கொட்டை எழுத்துல வரும். பரமக்குடியில ஒரு குடும்பம் ஓடி வந்துச்சு, 'சார் சார்'னு. நான் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டேன். போனை என் கையில குடுத்து, 'அந்தம்மாவோட எங்களை ஒரு போட்டோ எடுங்க சார்'னாங்க. எடுத்தேன். மூணு போட்டோ எடுத்தேன், ஒண்ணுல கண்ணை மூடிட்டாங்கன்னு.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். கார் சீட்டு விஷயம்தான் பொறுக்க முடியல. எங்க டீம்ல ஒரு முறை இருக்கு சார். டிரைவர் பக்கத்துல ஐயா. நடுவரிசையில ஜன்னலோரம் மூத்த பேச்சாளர், அதாவது நான். கடைசி வரிசையில புதுசா வந்தவங்க. பதினெட்டு வருஷமா அந்த ஜன்னல் என்னுது. போன ஆடி மாசம் ஐயா திரும்பிப் பாத்து, 'பரமானந்தம், அந்தம்மாவுக்கு முட்டி வலி, நீங்க கொஞ்சம் பின்னாடி போங்க'ன்னார். கொஞ்சம் பின்னாடின்னா என்ன சார்? அது கடைசி வரிசை. சால்வை மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்து திருச்செந்தூர் வரைக்கும் போனேன். அந்தம்மா திரும்பி, 'அண்ணே, கால் நீட்ட இடம் இருக்கா'ன்னு கேட்டுச்சு. அக்கறையாக் கேட்ட மாதிரித்தான் இருந்துச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

பொறாமையான்னு கேக்குறீங்க. ஆமா சார், பொறாமைதான். ரெண்டு மணி நேரம் பக்கத்துல உக்காந்து வரப்போறீங்க, உங்ககிட்ட எதுக்கு ஒளிக்கணும்? ராத்திரி சோறு இறங்காத பொறாமை.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஐயாவுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. முன்னமாதிரி குரல் வரல. இந்தப் பொங்கல் டிவி பட்டிமன்றத்தோட நாற்காலியை விட்டு எந்திரிச்சிருவேன்னு எங்ககிட்டச் சொல்லிட்டார். யாருக்குக் குடுக்கப் போறார்னு சொல்லல. பேச்சாளனா நீங்க எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் பதினஞ்சு நிமிஷத்துல மணி அடிச்சு உக்கார வச்சிருவாங்க சார். மணி அடிக்கிறவர் நடுவர். அந்த நாற்காலியில உக்காந்துட்டா சாகுற வரைக்கும் யாரும் எழுப்ப முடியாது. இருபத்திரண்டு வருஷமா நான் அந்த நாற்காலிக்கு மூணடி தள்ளி உக்காந்திருக்கேன்.

பொங்கல் நிகழ்ச்சியை மார்கழியிலயே பதிவு பண்ணிருவாங்க. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஐயா போன் பண்ணித் தலைப்பு சொன்னார். 'இல்லறத்தில் பெரிதும் விட்டுக்கொடுப்பது கணவனா, மனைவியா?' வழக்கம்போல நான் கணவன் அணித் தலைவர், பவளக்கொடி மனைவி அணித் தலைவர்.

உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்றேன். தீர்ப்பெல்லாம் மேடையில முடிவாகுறதில்ல சார். முன்கூட்டியே ஐயா முடிவு பண்ணிருவார், எங்க எல்லாருக்கும் தெரியும். பொங்கல் அன்னைக்கு ரிமோட் பொம்பளைங்க கையில இருக்கும். அதனால தீர்ப்பு மனைவி பக்கம்தான், ஐயாவும் போன்ல அதையே சொன்னார். இன்னொரு வழக்கமும் உண்டு. தீர்ப்பு சொன்னதும் ஜெயிச்ச அணித் தலைவரைப் பக்கத்துல கூப்பிட்டு, தன் துண்டைத் தோள்ல போடுவார் ஐயா.

எனக்குப் பொறி தட்டுச்சு. அந்தத் துண்டைப் போடும்போதுதானே அடுத்த நடுவர் யாருன்னு சொல்லப் போறார்? காமிரா முன்னாடி, அந்தம்மா தோள்ல துண்டைப் போட்டுட்டு, 'அடுத்தவர் பரமானந்தம்'னு சொல்லுவாரா? திரும்ப போன் பண்ணினேன். 'ஐயா, ஒரு மாறுதலுக்கு இந்தத் தடவை அணியை மாத்திக்கிறோமே. நான் மனைவி பக்கம், பவளக்கொடியம்மா கணவன் பக்கம்.' கணவன் பக்கம் பேச அது சரக்குக்கு எங்க போகும்? பொண்டாட்டி ஜோக் ஒண்ணு தெரியாது. படுத்துரும். அது என் கணக்கு.

ஐயா, 'செண்பகத்துக்காகப் பேசப் போறீங்களா? பேசுங்க'ன்னார். செண்பகம்ங்கிறது எங்க வீட்டம்மா.

பவளக்கொடியும் ஒத்துக்கிச்சு. 'சரிண்ணே, எந்தப் பக்கம்னா என்ன, பேசிருவோம்'னுச்சு.

வீட்டுல வந்து செண்பகத்துக்கிட்டச் சொன்னேன், 'இந்தத் தடவை உன் பக்கம் பேசப் போறேன்'னு. அவ மிக்சியை நிறுத்தினா. 'நெசமாவா?'ன்னா. அவ எதையும் ரெண்டாவது தடவை கேக்கமாட்டா சார், பேச்சே கம்மி. அன்னைக்குக் கேட்டா. ஒண்ணு சொல்லணும், அவ சமையலைச் சாப்பிட்டா நீங்க என்னை அடிக்க வருவீங்க. அப்படி இருக்கும். ஐயாவே மதுரை வந்தா ஓட்டலுக்குப் போகமாட்டார், எங்க வீட்டுக்குத்தான் வருவார், சாம்பாரை டம்ளர்ல வாங்கிக் குடிப்பார். அது வீடு, இது மேடை. அது அவளுக்கும் தெரியும்.

அப்பதான் எனக்கு ஒரு சிக்கல் புரிஞ்சுச்சு. நாலு நோட்டையும் புரட்டுறேன், மனைவி விட்டுக்கொடுத்தான்னு சொல்ல ஒரு வரி இல்ல. எல்லாமே எதிர்ப்பக்கம். சரி, சரக்கு வீட்டுலயே இருக்கேன்னு அவளையே கேட்டேன். 'நீ எனக்காக என்ன விட்டுக்கொடுத்த? யோசிச்சுச் சொல்லு, பேசணும்'னேன்.

ரெண்டு நாள் யோசிச்சா சார். மூணாவது நாள் தோசை ஊத்திக்கிட்டே சொன்னா, 'நான் கல்யாண வீட்டுக்குப் போறதை விட்டுட்டேன்.'

'ஏன், உனக்குத்தான் கூட்டம் ஆகாதே'ன்னேன்.

'கூட்டம்னா எனக்கு உசுரு. பந்தியில சாம்பார் வாளி வந்தா, எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்க. என் பெரியக்கா மகன் கல்யாணத்துல சமையல்காரர் வந்து, அம்மா நீங்க மட்டும் அடுப்புப் பக்கம் வந்துராதீங்கன்னு சொன்னார். தாலி கட்டுறதைக்கூடப் பாக்காம வந்துட்டேன். அதுல இருந்து எங்கயும் போறதில்ல. பதினாலு வருஷம் ஆச்சு.'

நான் பேனாவைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். தொழில் தெரிஞ்சவன் சார் நான். கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு, இது மேடைக்கு ஆகாது. சிரிப்பும் வராது, அழுகையும் வராது, ரெண்டுங்கெட்டான். அதுவும் பொங்கலும் அதுவுமா யார் கேப்பாங்க? 'வேற ஏதாவது இருந்தாச் சொல்லு'ன்னேன். அவ அடுப்பை அணைச்சுட்டு, 'வேற இல்ல'ன்னா.

ஆனா பதிவுக்கு வரேன்னு சொன்னா. சேர்ந்த புதுசுல ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேக்க வந்தவ, அதுக்கப்புறம் இப்பத்தான். பச்சைப் பட்டு கட்டியிருந்தா. மூணாவது வரிசையில உக்கார வச்சேன். டிவிக்காரப் பொண்ணு வந்து, 'இவங்கதானா சார் அவங்க?'ன்னு கேட்டுக் காமிராக்காரர்கிட்ட ஏதோ சொல்லிட்டுப் போச்சு.

ஒரு கல்யாண மண்டபத்துல வச்சுத்தான் பதிவு, பகல் பதினோரு மணி. ஆயிரம் பேர். நான் எந்திரிச்சேன். அழகர் பேரைச் சொன்னேன், ஜிகர்தண்டாவைச் சொன்னேன், கைதட்டு வந்துச்சு. அப்புறம் மனைவி மெழுகுவர்த்தின்னேன். மனைவி வீட்டுக்கு விளக்குன்னேன். பிள்ளை பெறுற வலியைப் பத்திப் பேசினேன், எங்களுக்குப் பிள்ளை இல்ல, அது ஜனங்களுக்குத் தெரியாது. அஞ்சாவது நிமிஷம் முன்வரிசையில ஒருத்தர் கொட்டாவி விட்டார். ரெண்டு பேர் போனை எடுத்துட்டாங்க. இருபத்திரண்டு வருஷத்துல என் பேச்சுல ஒருத்தர் போனை எடுத்துப் பாத்ததில்ல சார். எதிர்ல பவளக்கொடி கன்னத்துல கையை வச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு இருக்கு. பரிதாபமாப் பாக்குது. அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்துச்சு.

வாய் தானாத் திறந்துச்சு. 'எங்க வீட்டம்மா வச்ச சாம்பார்ல ஒரு ஈ விழுந்துச்சு...'

நான் சொல்லல சார், வாய் சொல்லுச்சு. மண்டபம் அதிர்ந்துச்சு. போனைப் பாத்தவனெல்லாம் நிமிர்ந்துட்டான். காமிரா சட்டுனு மூணாவது வரிசைக்குத் திரும்புச்சு. மேடை ஓரத்துல பெரிய திரை வச்சிருந்தாங்க, அதுல செண்பகம் முகம் இத்தா பெருசு. ஜனம் அந்தத் திரையைப் பாத்து இன்னும் சிரிக்குது. அவளும் சிரிச்சா. நல்லாத்தான் சிரிச்சா, நான் பாத்தேன்.

ஐயா மணியை அடிச்சார். 'பரமானந்தம், நீங்க இப்ப எந்த அணி?'ன்னு கேட்டார். அதுக்கு இன்னொரு சிரிப்பு. அப்பத்தான் எனக்கே உறைச்சுச்சு, எதிரணிக்குப் பேசிட்டேன்னு. சமாளிக்கப் பாத்தேன். ஒண்ணும் வரல. உக்காந்துட்டேன்.

கடைசியா பவளக்கொடி. கணவன் பக்கம். அது பேசுனதை எனக்கு அப்படியே சொல்ல வரும், கேளுங்க.

'எங்க வீட்டுக்காரவுக உப்பளத்துல வேலை பாத்தாக. நான் ஆறு ஊரு தபால் குடுத்துட்டு வீட்டுக்கு வந்ததும் பேச ஆரம்பிச்சிருவேன். யாருக்கு மணியார்டர் வந்துச்சு, யாரு கடுதாசிய மூணு தடவ படிக்கச் சொன்னா, எல்லாம். அவுக வெடிச்ச காலுக்கு எண்ணெயத் தேச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பாக. ஒருநா நான் கேட்டேன், நானே பேசுறேனே, ஒங்களுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லையான்னு. இருக்கு, நீ முடி, அப்பறம் சொல்றேன்னாக. பத்தொம்பது வருசம் நான் முடிக்கவே இல்ல. அவுக போயிட்டாக. என்ன சொல்ல வச்சிருந்தாகன்னு எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல விட்டுக்குடுத்தது அவுகதான்.'

அவ்வளவுதான். வணக்கம்கூடச் சொல்லாம உக்காந்துருச்சு. பதினஞ்சு நிமிஷம் இருக்கு, ரெண்டு நிமிஷம்கூடப் பேசல. கைதட்டு வரல. உண்மையைச் சொல்றேன் சார், எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குளிர்ச்சி. படுத்துருச்சுன்னு நினைச்சேன். அப்புறம் பாக்குறேன், காமிராக்காரன் காமிராவைத் திருப்ப மறந்து நிக்கிறான். ஒரு பொம்பளை எந்திரிச்சு நின்னா, அப்புறம் மண்டபமே நின்னுச்சு. முதல்ல நின்ன பொம்பளை பச்சைப் பட்டு கட்டியிருந்தா.

ஐயா தீர்ப்பை மாத்திட்டார். அவர் ஆயுசுல மாத்தினதில்ல. கணவன் பக்கம்னுட்டார், மனைவி பக்கம் பேசுன ஆளே கணவனுக்காகப் பேசிட்டாரேன்னு ஒரு குத்தலும். துண்டை எடுத்து அந்தம்மா தோள்ல போட்டார். 'அடுத்த பொங்கலுக்கு இந்த நாற்காலி சாயல்குடிக்குப் போகுது'ன்னார். அந்தம்மா, 'ஐயா, எனக்கெதுக்கு, அண்ணன் இருக்காக'ன்னு என்னைக் கையைக் காட்டுச்சு. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தீங்களா? ஊரே பாக்கும்போது எனக்குப் பிச்சை போடுது. ஐயா கேக்கல, விடுங்க. நான் கைதட்டினேன். அந்தக் கைதட்டு பொங்கலன்னைக்கு டிவியில வரும், நீங்களே பாப்பீங்க.

எல்லாம் முடிஞ்சு வெளிய வந்தா செண்பகத்தைக் காணோம். டிரைவர் சொல்றார், 'அம்மா பவளக்கொடியம்மாவோட பஸ் ஏறிட்டாங்க சார், ரெண்டு நாள் இருந்துட்டு வர்றதாச் சொல்லச் சொன்னாங்க.' எனக்கு என்ன எண்ணம்னா, நாற்காலி கிடைச்ச ஆளோட ஒட்டிக்கிட்டாளேன்னுதான். அவளுக்குக் கோவமெல்லாம் வராது சார், கோவப்படுற ஆளே இல்ல. கோவம் இருந்தா சிரிச்சிருப்பாளா?

இன்னைக்கு ஒன்பதாவது நாள். போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறா. ஐயாகிட்டச் சொன்னேன், 'ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க பரமானந்தம்'னு மட்டும் சொன்னார். இப்ப அங்கதான் போறேன், சாயல்குடிக்கு, அந்தம்மா வீட்டுக்கு. நான் போய் அந்தம்மா வீட்டுக் கதவைத் தட்டணும், பாத்தீங்களா?

நேத்து சாயங்காலம் வேற வழியில்லாம பவளக்கொடிக்கே போன் போட்டேன். எடுத்ததும், 'அண்ணே, ஒரு நிமிசம்'னு போனைக் கையில வச்சுக்கிட்டே யாரையோ பாத்துச் சிரிக்குது. 'மன்னிச்சுக்கங்கண்ணே, மதினி ஒண்ணு சொல்லிக்கிட்டு இருக்காக. பொழுது சாஞ்சா தெருப் பொம்பளைக எல்லாம் நாற்காலியத் தூக்கிட்டு வந்துருதுக மதினி பேச்சக் கேக்க. எனக்கு ரெண்டு நாளா விலா வலி, அம்புட்டுச் சிரிப்பு'ன்னுச்சு.

எந்த மதினின்னு கேட்டேன் சார். நெசமாவே கேட்டேன்.

அப்பத்தான் பின்னாடி செண்பகம் குரல் கேட்டுச்சு. என்ன சொல்றான்னு வார்த்தை பிடிபடல. ஆனா எனக்குத் தொழில் தெரியும். அவ வேகமாச் சொல்லிக்கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, நிறுத்தினா. ரெண்டு நொடி ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் எட்டுப் பத்துப் பேர் ஒண்ணாச் சிரிச்சாங்க. அந்த ரெண்டு நொடி எனக்கு வராது சார். ஜனம் சிரிக்காமப் போயிருமோன்னு பயந்து நான் முன்னாடியே நானே சிரிச்சிருவேன். எத்தனையோ மேடையில முயற்சி பண்ணியிருக்கேன், வந்ததே இல்ல. பவளக்கொடிக்குக்கூட அது கொஞ்சம்தான் வரும். இவ சமையக்கட்டுல நின்னுக்கிட்டு அதை எங்க கத்துக்கிட்டா?

பவளக்கொடிக்கு நாற்காலி போனப்பக்கூட எனக்கு இப்படி எரியல. நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கல.

'என்னம்மா சொல்றா அவ?'ன்னு கேட்டேன். 'நான் சொன்னா நல்லா இருக்காதுண்ணே, நீங்க வந்து கேளுங்க'ன்னு வச்சிருச்சு.

இருபத்தொம்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம். அவ ஒரு ஜோக் சொல்லி நான் கேட்டதில்ல சார். எதைப் பத்தியா இருக்கும்? நானும் காலையில இருந்து யோசிக்கிறேன். அவ சினிமாவுக்குப் போனதில்ல, கல்யாணம் காட்சின்னு எங்கயும் போறதில்ல, பக்கத்து வீட்டுல நின்னு பேசினதில்ல.

என்னைப் பத்தித்தான் இருக்கணும். வேற யாரைத் தெரியும் அவளுக்கு?